மருத்துவக் கல்லூரியில் வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் என்ன வேலை?

பல்கலைக்கழகச் செய்திகளைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. ஒருபக்கம் வரலாறு, மொழி, மெய்யியல் துறைகள் சுருங்கிக்கொண்டே போகின்றன. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023 செப்டம்பரில் 28 பட்டப்படிப்புகளை நிறுத்த முடிவெடுத்தது. அயல்மொழிப் படிப்புகள் அதில் பலமாக அடிபட்டன. இன்னொரு பக்கம், அதே நாட்டின் மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, கலைகளும் மானுடப்புலமும் மருத்துவக் கல்விக்கு அடிப்படை என்கிறது. ஒரு கட்டடத்தில் தேவையில்லை என்று மூடுவதை எதிர்க் கட்டடத்தில் தேவை என்று கேட்கிறார்கள்.

கதையும் கவிதையும் படித்தால் டாக்டர்கள் அன்பாகப் பேசுவார்கள், அதற்காகத்தான் இந்தப் பாடங்கள் என்று பொதுவாக விளக்கம் சொல்லப்படுகிறது. இந்த விளக்கம் போதாது. மானுடப்புலம் மருத்துவத்துக்குத் தருவது முதன்மையாக அறிவு. ஆய்வகத்தால் தர முடியாத ஒருவகை அறிவு. கூடவே கனிவும் வந்தால் நல்லது, வராமலும் போகலாம். இந்தக் கட்டுரை அந்த அறிவு எது, எப்படிப் பயன்படுகிறது, எங்கே அதன் எல்லை என்று பார்க்கிறது.

## சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

மனிதர்கள் எழுதியதையும் நம்பியதையும் செய்ததையும் பொருள் விளங்க ஆராயும் துறைகளைச் சேர்த்து மானுடப்புலம் என்கிறோம். கல்லூரிப் பேச்சில் ஹியூமானிட்டீஸ். வரலாறு, இலக்கியம், மொழி, மெய்யியல், அறவியல், சமய ஆய்வு, கலை வரலாறு எல்லாம் இதில் அடங்கும். மானிடவியலும் சமூகவியலும் முறைப்படி சமூக அறிவியல்தான். ஆனால் மருத்துவத்தோடு சேரும் இடத்தில் யாரும் அந்த வேலியைப் பெரிதாகப் பார்ப்பதில்லை.

இந்தத் துறைகளின் முறைகளைக் கொண்டு நோய், உடல், சிகிச்சை, மருத்துவமனை ஆகியவற்றை ஆராய்ந்தால் அது மருத்துவ மானுடப்புலம். செவிலியர், வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்கள், நோயாளிகள் ஆகியோரையும் உட்படுத்தி விரியும்போது நலவாழ்வு மானுடப்புலம் என்கிறார்கள்.

இதையும் தகவல்தொடர்புப் பயிற்சியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புற்றுநோய் இருக்கிறது என்பதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று பழக்குவது ஒரு திறன் பயிற்சி. அதைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே எப்போது வந்தது என்பது வரலாற்றுக் கேள்வி. 1961இல் அமெரிக்க மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வில் 90 சதவீதம் பேர், நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979இல் அதே கேள்வியைக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவதையே விரும்பினார்கள். 18 ஆண்டுகளில் ஒரு தொழிலின் மனச்சாட்சியே தலைகீழாகியிருக்கிறது. இடையில் சிகிச்சைகள் மேம்பட்டிருந்தன; நோயாளி உரிமைக் குரல்கள் எழுந்தன; நீதிமன்றங்கள் நோயாளியின் சம்மதத்தைப் பற்றிக் கறாராகப் பேசத் தொடங்கின. இதில் எது எவ்வளவு பங்காற்றியது என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆவணங்களைப் படித்து ஆராய வேண்டும்.

## பிரிந்தது எப்போது, மீண்டும் சேர்ந்தது எப்போது?

1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து கார்னகி அறக்கட்டளைக்காக ஓர் அறிக்கை எழுதினார். ஆய்வகமே இல்லாத, பணம் கட்டினால் பட்டம் கொடுத்த கல்லூரிகள் அன்று நிறைய இருந்தன. இரண்டு ஆண்டு ஆய்வக அறிவியல், அடுத்த இரண்டு ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி என்ற அமைப்பு அந்த அறிக்கைக்குப் பிறகே நிலைபெற்றது. தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. அதன் விலையும் சிறியதல்ல: கறுப்பின மாணவர்களுக்கென இருந்த ஏழு கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன.

ஃபிளெக்ஸ்னர் மருத்துவர் அல்லர், பள்ளி நடத்தியவர். நோயாளியைப் புரிந்துகொள்ள வேதியியலும் உயிரியலும் மட்டும் போதாது, விரிந்த பண்பாட்டு அனுபவமும் வேண்டும் என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அதற்குப் பாடத்திட்டத்தில் தனி இடம் ஒதுக்கவில்லை. மாணவர்கள் அதோடுதான் வருவார்கள் என்று விட்டுவிட்டார். நேரம் ஒதுக்காத பாடம் நாளடைவில் காணாமல் போனது.

திரும்பி வந்தது மெல்லத்தான். 1967இல் ஹெர்ஷியில் உள்ள பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே ஒரு மானுடப்புலத் துறையைத் தொடங்கியது. இவ்வகையில் அதுவே முதல் துறை. 1977இல் ஜார்ஜ் எங்கெல், நோயை உயிரியல், உளவியல், சமூகம் என்ற மூன்று தளங்களிலும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். பிரிட்டனில் மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் பொது மருத்துவ மன்றம் 1993இல் பாடச்சுமையைக் குறைத்து விருப்பப் பாடங்களுக்கு இடம் விடச் சொன்னதும், அந்த இடத்தில் இலக்கியமும் வரலாறும் நுழைந்தன. இந்தியாவில் 2019இல் வந்த புதிய பாடத்திட்டம் மனப்பான்மை, அறநெறி, தகவல்தொடர்பு ஆகியவற்றை எம்.பி.பி.எஸ். படிப்பின் பகுதியாக்கியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரீட்டா ஷரான் 2001இல் முன்வைத்த 'கதைசார் மருத்துவம்', நோயாளி சொல்வதை ஓர் இலக்கியப் பிரதியைப் போல ஊன்றிப் படிக்கும் பயிற்சியை மருத்துவர்களுக்குக் கொடுக்கிறது.

## உடலில் நடப்பதும் வாழ்க்கையில் நடப்பதும்

இந்தத் துறையின் அடிப்படை வேறுபாடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1970களிலிருந்து வற்புறுத்தியது அது. திசுவிலும் ரத்தத்திலும் மருத்துவர் காணும் கோளாறு ஒன்று. அந்தக் கோளாறு ஒருவருடைய வேலையில், குடும்பத்தில், எதிர்காலத் திட்டத்தில் என்ன ஆகிறது என்ற அனுபவம் இன்னொன்று. முதலாவது சோதனையில் தெரிந்துவிடும். இரண்டாவதைக் கேட்டால்தான் தெரியும். அதனால் அவர் சில கேள்விகளை வகுத்தார்: இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? அந்தச் சமயத்தில் ஏன் தொடங்கியது? இதில் உங்களுக்கு எது அதிக பயம்?

கேட்பது அவ்வளவு அரிதா என்றால், அரிதுதான். 1984இல் வெளியான ஓர் ஆய்வு 74 சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தது. நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். தொடங்கியதைச் சொல்லி முடிக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் 23 சதவீதம் மட்டுமே.

வலியை எடுத்துக்கொள்வோம். அதை அளக்கக் கருவி கிடையாது. குத்துகிறதா, எரிகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா என்று நோயாளி சொல்வதை நம்பியே சிகிச்சை தொடங்குகிறது. ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியல், நோயாளிகள் வலிக்குப் பயன்படுத்தும் 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கியது. உலகமெங்கும் வலி ஆய்வில் பயன்பட்ட அளவுகோல்களில் ஒன்று, முழுக்க முழுக்கச் சொற்களால் ஆனது.

அடுத்து, நோயாளியைப் பற்றி மருத்துவர் எழுதும் சொற்கள். ஒரே ஆளைப் பற்றிய இரண்டு குறிப்புகளைப் பாருங்கள்.

- "நோயாளி மாத்திரை எடுக்க மறுக்கிறார். தனக்கு வலி இருப்பதாகக் கூறிக்கொள்கிறார்."
- "மாத்திரை எடுத்தால் தலைசுற்றுவதால் வேலையிடத்தில் விழுந்துவிடுவோம் என்று அஞ்சுகிறார். வலி நீடிக்கிறது."

இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் முதல் குறிப்பில் 'மறுக்கிறார்' என்ற வினை காரணத்தை விழுங்கிவிட்டது. 'கூறிக்கொள்கிறார்' என்பது சந்தேகத்தைத் தூவுகிறது. அடுத்த ஷிஃப்டில் வரும் மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் முன்பே இதைப் படித்துவிடுவார். இது கற்பனையான கவலை அல்ல. 2018இல் வெளியான ஆய்வொன்றில், அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோயால் கடும் வலியில் வந்த ஒருவரைப் பற்றிய குறிப்பை இரண்டு விதமாக எழுதி மருத்துவ மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் கொடுத்தார்கள். மருத்துவத் தகவல் இரண்டிலும் ஒன்றே. இழிவுபடுத்தும் தொனியில் எழுதியதைப் படித்தவர்கள் அந்த நோயாளியைக் குறைவாக மதிப்பிட்டார்கள். வலிக்குப் போதிய மருந்து கொடுக்கவும் தயங்கினார்கள். ஒரு வாக்கியத்தின் வினைச்சொல்லை ஊன்றிப் படிப்பது இலக்கிய வகுப்பில் அன்றாட வேலை. வார்டில் அது மருந்தின் அளவை மாற்றுகிறது.

## ஓர் எண்ணுக்குள் இருக்கும் வரலாறு

நுரையீரல் எவ்வளவு காற்றைக் கொள்கிறது என்று அளக்கும் கருவி ஸ்பைரோமீட்டர். லண்டனில் ஜான் ஹட்சின்சன் 1846இல் அதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் தென்மாநில மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் அந்தக் கருவியைக் கையிலெடுத்து, கறுப்பின அடிமைகளின் நுரையீரல் கொள்ளளவு வெள்ளையரைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு என்று எழுதினார். அதிலிருந்து அவர் வந்த முடிவு: கட்டாய உழைப்பு அவர்கள் உடலுக்கு நல்லது.

அடிமை முறை ஒழிந்தது. எண் ஒழியவில்லை. உள்நாட்டுப் போர்க்காலப் படைவீரர்களின் அளவீடுகளில் அதே வேறுபாடு மறுபடி பதிவானது. அதை அடுத்தடுத்த ஆய்வாளர்கள் எடுத்தாண்டார்கள். உழைப்புச் சூழல், வறுமை, தூசு, சிறுவயது நோய்கள் ஆகியவை காரணமாக இருக்கலாமா என்ற கேள்வி பின்னுக்குப் போனது. கடைசியில் 'இனத் திருத்தம்' என்ற பெயரில் அது கருவியின் மென்பொருளுக்குள்ளேயே குடியேறியது: கறுப்பினத்தவருக்கு 10 முதல் 15 சதவீதம், ஆசியர்களுக்கு 4 முதல் 6 சதவீதம் குறைத்துக் கணக்கிடு என்று.

இதன் விளைவைக் கணக்காகவே பார்க்கலாம்.

1. ஒருவரின் வயது, உயரத்துக்கு எதிர்பார்க்கும் அளவு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஊதியது 3.1 லிட்டர். அது 78 சதவீதம். 80க்குக் கீழ் என்பதால் மேற்கொண்டு பார்க்க வேண்டிய நுரையீரல்.
2. திருத்தம் போட்டால் எதிர்பார்ப்பு 3.5 லிட்டராக இறங்கும். அதே 3.1 லிட்டர் இப்போது 89 சதவீதம். இயல்பு.
3. இயல்பு என்று வந்துவிட்டால் மேல்சோதனை இல்லை, சிகிச்சை இல்லை. தொழிலிடத் தூசியால் நுரையீரல் கெட்டவராக இருந்தால் இழப்பீடும் கைக்கு வராது.

இந்தச் சங்கிலியைப் பழைய இதழ்களிலும் மேற்கோள்களிலும் பின்தொடர்ந்து வெளிக்கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிரவுன் பல்கலைக்கழகத்தின் லண்டி பிரான். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2023இல் இனம் பாராத கணக்கீட்டையே பயன்படுத்தப் பரிந்துரைத்தது. சிறுநீரகச் செயல்பாட்டைக் கணிக்கும் சூத்திரத்திலும் இனத்தைப் பொறுத்து மாறும் ஒரு பெருக்கெண் இருந்தது; அது 2021இல் நீக்கப்பட்டது. அந்தப் பெருக்கெண்ணால் சில நோயாளிகள் மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் தாமதமாகவே சேர முடிந்திருந்தது.

கருவி பழுதாகவில்லை, கணக்கும் தப்பில்லை. கணக்குக்குள் எது, யாரால், எந்தக் காரணத்துக்காக வந்தது என்று கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் பிரச்சினை. வரலாற்று முறைக்கு மருத்துவக் கல்லூரியில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதிலை நான் அறியேன்.

## கொள்ளைநோயில் மானிடவியல்

2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா 28,600க்கும் மேற்பட்டோரைத் தாக்கி 11,300க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவரின் உடலிலிருந்தும் தொற்று பரவும் என்பதால், கவச உடையணிந்த குழுக்கள் உடல்களைப் பையில் போட்டு எடுத்துச் சென்றன. தொற்றியல்படி சரி. ஆனால் கழுவிச் சடங்கு செய்யாமல் அனுப்பப்பட்டவர் முன்னோர்களோடு சேர மாட்டார் என்று நம்பிய குடும்பங்கள் உடல்களையும் நோயாளிகளையும் மறைக்கத் தொடங்கின. சரியான நடவடிக்கையே தொற்றைப் பரப்பியது.

கினி நாட்டில் ஒரு கர்ப்பிணி எபோலாவில் இறந்தார். கருவை வெளியே எடுக்காமல் புதைக்கக் கூடாது என்பது அந்த ஊர் மரபு. எடுப்பதோ மருத்துவர்களுக்கு உயிராபத்து. உலக சுகாதார நிறுவனத்தோடு பணியாற்றிய மானிடவியலாளர் ஊரிலேயே விசாரித்து, விதிமீறலுக்குப் பரிகாரச் சடங்கு ஒன்று உண்டு என்று கண்டறிந்தார். சடங்கு நடந்தது, அடக்கமும் நடந்தது. 2014 இறுதியில் அந்த நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல், பாதுகாப்போடு கண்ணியத்தையும் அடக்கத்தின் நிபந்தனையாக்கியது.

## மானுடப்புலம் மனிதரை நல்லவராக்குமா?

ஆகும் என்று உறுதி கொடுப்பவர்களை நம்ப வேண்டாம். ஜெர்மனி இதற்குச் சான்று. மனிதர்கள் மீதான பரிசோதனைக்குச் சம்மதம் வேண்டும் என்ற அரசு வழிகாட்டல் அங்கே 1931இலேயே இருந்தது. நாஜி ஆட்சியில் 1939 முதல் மருத்துவ மாணவர்கள் அனைவருக்கும் மருத்துவச் சட்டமும் தொழில் அறமும் கட்டாயப் பாடம். அறம் கற்பிக்காததால்தான் நாஜி மருத்துவர்கள் கைதிகள் மீது கொடூரப் பரிசோதனைகள் நடத்தினார்கள் என்று சொல்ல வழியே இல்லை. அந்த வகுப்பில் கற்பித்த அறமே இனத்தின் நலனைத் தனிமனிதருக்கு மேலே வைத்தது. போருக்குப் பின் அந்தக் கொடுமைகளுக்காக நடந்த நியூரம்பர்க் மருத்துவர் வழக்கில் நிறுத்தப்பட்ட 23 பேரில் 20 பேர் மருத்துவர்கள்.

மனிதப் பரிசோதனைக்குச் சம்மதம் கட்டாயம் என்ற நியூரம்பர்க் நெறி 1947இல் வந்தது. அப்படியும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை டஸ்கீகியில் 1932இல் தொடங்கிய ஆய்வு 1972 வரை ஓடியது. சிஃபிலிஸ் என்ற பாலியல் நோயிருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் வழக்கமான சிகிச்சையான பிறகும் அது தரப்படவில்லை.

ஆக, பாடத்தின் பெயர் போதாது. தன் தொழிலையே கேள்வி கேட்க ஆசிரியருக்குச் சுதந்திரம் இருக்கிறதா என்பதே முக்கியம். மருத்துவத்தைப் புகழ்வதற்காக மட்டும் வரலாற்றை அழைத்தால், அந்த வரலாற்றால் யாருக்கும் பயனில்லை.

## சான்றுகள் எவ்வளவு வலுவானவை?

கலவையானவை. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இத்தகைய பாடங்கள் பற்றிய 245 கட்டுரைகளைப் படித்தது. 224 கட்டுரைகள் பாடத்தைப் பாராட்டின அல்லது விவரித்தன. திடமான சான்று தரவில்லை. நீண்டகாலப் பயனை ஆராய முயன்றவை 9 மட்டுமே. 2018இல் ஐந்து கல்லூரிகளின் 739 மாணவர்களிடம் நடந்த ஆய்வில், கலைகளோடும் மானுடப்புலத்தோடும் அதிகப் பரிச்சயம் உள்ளவர்களிடம் பரிவு கூடுதலாகவும் மனச்சோர்வு குறைவாகவும் இருந்தன. எது எதற்குக் காரணம் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. இயல்பிலேயே அப்படிப்பட்டவர்கள் புத்தகத்தைத் தேடிப் போயிருக்கலாம்.

சற்று உறுதியான சான்று, கேள்வி கூர்மையாக இருக்கும் இடத்தில் கிடைக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 36 முதலாண்டு மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு அருங்காட்சியகத்தில் ஓவியங்களை நிதானமாகப் பார்த்து விவரிக்க ஆறு வகுப்புகள் நடத்தினார்கள். அவர்களுடைய கவனித்து விவரிக்கும் திறன் மற்றவர்களைவிட மேம்பட்டது. 2018இல் இந்த முடிவு வெளியானது. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987 முதல் மானுடப்புல மாணவர்களுக்கு வழக்கமான அறிவியல் நுழைவு நிபந்தனைகளைத் தளர்த்தி இடம் கொடுத்தது. அவர்கள் சக மாணவர்களுக்கு ஈடாகப் படித்தார்கள் என்று 2010இல் தெரிவித்தது.

என் மதிப்பீட்டில், பரிவு எத்தனை புள்ளி கூடியது என்று மாணவரிடமே படிவம் கொடுத்துக் கேட்பது பலவீனமான வழி. குறிப்பேட்டின் மொழி மாறியதா, நோயாளியின் கவலை பதிவானதா, ஒரு சூத்திரத்தின் பின்புலத்தை மாணவரால் விசாரிக்க முடிகிறதா என்றே சோதிக்க வேண்டும். சோதிக்க முடியும்.

## தாய்த்துறை மூடினால் என்ன ஆகும்?

முதலில் சொன்ன முரண்பாட்டுக்கு இப்போது வரலாம். மருத்துவக் கல்லூரியில் பாடம் தொடங்கிவிட்டால் வரலாற்றுத் துறை போனாலும் பரவாயில்லை என்று நிர்வாகங்கள் கணக்குப் போடக்கூடும். அந்தக் கணக்கு ஓடாது.

1. பிரானைப் போல ஒரு எண்ணின் நூற்றாண்டுப் பயணத்தைத் தொடர, ஆவணக் காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் உட்காரும் பயிற்சி வேண்டும். அது முனைவர் பட்ட அளவில், தாய்த்துறையில்தான் கிடைக்கிறது.
2. தாய்த்துறை இல்லையென்றால் பாடத்தை எடுப்பவர் ஆர்வமுள்ள மருத்துவர் மட்டுமே. ஆர்வம் மதிக்கத் தக்கது. ஆனால் மரபணுவியலை ஆர்வமுள்ள வரலாற்றாசிரியரிடம் யாரும் ஒப்படைப்பதில்லை.
3. புதிய ஆய்வு நின்றுவிட, வகுப்பில் அதே சில கவிதைகளும் அதே சில வழக்குகளும் ஆண்டுதோறும் சுற்றிவரும். மாணவர்களுக்கு அது சடங்காகத் தெரியும். அடுத்த சீரமைப்பில் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே.

## அறிவிப்பு வரும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு பல்கலைக்கழகம் மருத்துவ மானுடப்புலத் திட்டம் தொடங்குவதாக அறிவித்தால், அது எவ்வளவு உண்மையானது என்று சில விவரங்களிலேயே தெரிந்துவிடும்.

- முதலாண்டு அறிமுக வாரத்தோடு முடிகிறதா, வார்டுப் பயிற்சி ஆண்டுகளிலும் தொடர்கிறதா? மாணவர்களின் பரிவு மூன்றாம் ஆண்டில், அதாவது நோயாளிகளைச் சந்திக்கத் தொடங்கும்போதே குறைகிறது என்று அமெரிக்காவில் 2009இல் வெளியான ஆய்வு கண்டது. தேவை அதிகமாக இருக்கும் இடம் அது.
- தேர்வும் மதிப்பீடும் உண்டா? இல்லாத பாடத்துக்கு மாணவர் நேரம் ஒதுக்க மாட்டார்.
- நோயாளிகளும் செவிலியர்களும் வகுப்பில் பேசுகிறார்களா, அல்லது பேசப்படும் பொருளாக மட்டும் இருக்கிறார்களா?
- பாடம் எடுப்பவரின் பணியிடம் எந்தத் துறையில் இருக்கிறது, அது நிரந்தரமானதா? பெரும்பாலான அறிவிப்புகளில் இந்த ஒரு வரி இருக்காது. கேட்டுத்தான் பெற வேண்டும்.